வளைவு தெரிந்த புகை

"எனக்கு ஆள் வேணும் அன்ரி. ஆறுதல் சொல்ல வேண்டாம், புத்தி சொல்ல வேண்டாம். ஆள் வேணும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் இணுவில் வீட்டு விறாந்தையில் நின்றுகொண்டு அந்தப் பெண் இப்படிக் கத்தினாள். நான் அப்போதுதான் பிட்டுக்குள் சம்பலைப் போட்டுப் பிசைய ஆரம்பித்திருந்தேன். மனிதனுக்கு ஒரு வாய் வைக்கவும் விடமாட்டார்கள்.

"கையைக் கழுவிப்போட்டு வா ஜஸ்ரின்," என்றார் அக்கா.

அக்கா என்றால் ஞானாம்பிகை அக்கா. பருத்தித்துறையில் கப்பலோட்டிய குடும்பம். ஆனால் அக்காவுக்குக் கடல் ஒத்துவரவில்லை, கார்தான் ஒத்துவந்தது. இருபத்தாறு வருடம் காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக, மோதுண்ட வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். ஐந்து வருடத்துக்கு முன் திடீரென்று வேலையை விட்டார். ஏன் என்று கேட்டால் "அலுத்துப்போச்சு" என்பார். அதன் பிறகு இதுதான் தொழில்: பொலிஸ் மூடிவைத்ததைத் திறந்து பார்ப்பது. நான் அவருடைய உதவியாளன், ஓட்டோச் சாரதி, மெக்கானிக். முன்பு ஒரு கராஜில் வேலை செய்தேன். என் வாயால்தான் வேலை போனது என்று முதலாளி சொன்னார். அவருடைய மூளையால்தான் போனது என்று நான் சொன்னேன்.

வந்தவளின் பெயர் தாரிகா. நெல்லியடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வயது இருபத்தெட்டு இருக்கும். உயரம் ஐந்தடியோடு நின்றுவிட்டது. ஆனால் கோபம் மட்டும் முகட்டைத் தொட்டது.

"என்ரை அண்ணை ஜெயதீபன். நேற்று வல்லை வெளியில பழைய கார் ஓட்டத்தில அவரின்ரை டற்சன் கார் மதகில அடிச்சுது. ராத்திரி வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டினம். இன்னும் கண் முழிக்கேல்லை."

"தெரியும் பிள்ளை. ஜஸ்ரின் ஓட்டம் பாக்கப் போனவன். வந்து சொன்னவன்."

"கமிற்றி விபத்தெண்டு சொல்லுது. முன்னால போன கிழட்டுக் கார் புகைச்சுதாம், அண்ணைக்குப் பாதை தெரியேல்லையாம். அவ்வளவுதானாம்! அந்தக் கிழட்டுக் காரை ஓடின எட்வேர்ட் மாஸ்டர் இண்டைக்கு நாலு மணிக்கு இறுதி ஓட்டம் ஓடப்போறார். கப்பும் தூக்குவார். நாலு மணிக்கு முதல் எனக்கு ஆளைச் சொல்லுங்கோ. அந்தச் சனத்துக்கு முன்னால வைச்சுச் செருப்பால அடிச்சுப்போட்டுத்தான் பொலிசிட்டைக் குடுப்பன்."

அக்கா அவளைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார்.

"நீர் கார் ஓடுவீரோ?"

"என்ன?"

"லைசென்ஸ் இருக்கோ எண்டு கேக்கிறன்."

"இருக்குது. ஓடுறேல்லை. அதுக்கும் இதுக்கும் என்ன அன்ரி?"

"சும்மா கேட்டனான். வாரும், போவம்."

எனக்கும் விளங்கவில்லை. அக்கா சில நேரம் இப்படித்தான், மீன் வாங்கப் போன இடத்தில் உப்பு விலை கேட்பார்.

*

வல்லை வெளி என்றால் தெரியும்தானே, கண்ணுக்கெட்டிய தூரம் உவர் நிலம், காற்று ஒன்றுதான் குடியிருப்பு. அதன் ஒரு பக்கத்தில் கிரவல் பாதையை வட்டமாகப் போட்டு, கொடிக்கட்டை நட்டு, மூன்று வருடமாக ஒரு சங்கம் பழைய கார் ஓட்டம் நடத்துகிறது. சனிக்கிழமை தெரிவு ஓட்டம், ஞாயிறு பின்னேரம் இறுதி. ஓடுகிறவர்கள் எல்லாம் வார நாளில் பல்லுப் பிடுங்குகிறவர்களும் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர்களும்தான். சனி ஞாயிறு வந்தால் தொப்பியைப் போட்டுக்கொண்டு வேறு ஆளாகிவிடுவார்கள்.

நேற்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்கு? அதே எட்வேர்ட் மாஸ்டருக்குத்தான். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயனம் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அறுபத்துமூன்று வயது. கார், அவருடைய தகப்பன் வாங்கிய ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தாறாம் ஆண்டுப் பச்சை எம்ஜி. கூரை இல்லை, இரண்டே சீற், குந்தியிருந்தால் பின்பக்கம் கிரவலில் உரசும். மற்றவர்கள் பாரம் கூடும் என்று தனியாக ஓட, அவர் மட்டும் மனைவி நவமணி ரீச்சரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஓடினார். தலையில் கறுத்தத் துணி கட்டிக்கொண்டு ரீச்சர் கை அசைக்க, சனம் விசிலடித்தது. நானும் அடித்தேன். இப்போது அந்த விசிலை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது.

விபத்து நடந்த வளைவில் கச்சான் கடலை விற்கிற முருகேசு அண்ணை கடையை விரித்துக்கொண்டிருந்தார். நேற்றும் அதே இடத்தில்தான் இருந்தாராம்.

"புகை எங்கை துவங்கினது அண்ணை?" அக்கா கேட்டார்.

"அந்தா, ரெண்டாவது கொடிக்கட்டையடியில."

"எங்கை முடிஞ்சது?"

"வளைவு தாண்டி, மதகடியில. ஆரோ பூட்டின மாதிரிப் பட்டெண்டு நிண்டிட்டுது."

அக்கா சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொடிக்கட்டையிலிருந்து மதகு வரை நடந்தார். வாய்க்குள் எண்ணினார். தொண்ணூறு அடி வைத்தார்.

"மூண்டு சுற்று ஓட்டம். முதல் ரெண்டு சுற்றிலயும் புகைச்சதோ?"

"ஒரு சொட்டும் இல்லை. மூண்டாம் சுற்றிலதான். டற்சன் அப்பதான் எம்ஜிக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வந்தது."

"தூசாக இருக்காதோ?"

"விசர்க் கதை! பவுசர் லொறி தண்ணி அடிச்சுப் பாதை சதசதவெண்டு கிடந்தது. இது வெள்ளைப் புகை. பஞ்சு மாதிரி. மணம்..." முருகேசு அண்ணை எங்களைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். "சிரிக்கப்படாது தங்கச்சி. எனக்குத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மணந்தது."

நான் சிரிக்கவில்லை. அப்போது நான் காற்சட்டைப் பையன், ஆனால் மூக்கு இருந்தது. பொருளாதாரத் தடைக் காலம். யாழ்ப்பாணத்துக்குள் பெற்றோல் வராது. எல்லாக் காரும் மண்ணெண்ணெயில்தான் ஓடும். ஸ்ரார்ட் பண்ண மட்டும் சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் கட்டித் தொங்கவிட்டு, ரியூப்பால் துளித்துளியாக எஞ்சினுக்குள் விடுவார்கள். ஒரு கார் சந்தியைத் தாண்டிப் போனால் பத்து நிமிடம் அந்த வெள்ளைப் புகை மணந்துகொண்டே நிற்கும்.

"மண்ணெண்ணெய்," என்றேன். "அக்கா, எஞ்சின் எண்ணெய் எரிஞ்சால் நீலம். பெற்றோல் கூடினால் கறுப்பு. சூடான புகைக்குழாய்க்குள்ள மண்ணெண்ணெய் விட்டால்தான் இந்த வெள்ளை. அதோடை, எஞ்சின் செத்துப் புகைச்ச கார் திரும்பத் தன்பாட்டில ஓடி வராது. நேற்று அந்த எம்ஜி பூனை மாதிரி உறுமிக்கொண்டு வந்து நிண்டது. நான் பாத்தனான்."

"அதை நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"நேற்று விசிலடிச்சுக்கொண்டு நிண்டனான்."

அக்கா வளைவைப் பார்த்தபடி நின்றார்.

"ஜஸ்ரின், பழுதான எஞ்சினுக்கு வளைவு எங்கை வருது எண்டு தெரியுமோ?"

"தெரியாது. என்ரை ஓட்டோவுக்கு வீடு எங்கை எண்டே தெரியாது."

"பின்னால வாறது ஆர் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"இந்தப் புகைக்கு ரெண்டும் தெரிஞ்சிருக்கு. வளைவுக்கு முன்னால துவங்கி, வளைவு முடிய நிண்டிருக்கு. இது பழுது இல்லை. இது ஒரு கை."

தாரிகா செருப்பைக் கழற்றிவிட்டாள். "எட்வேர்ட்! அந்தக் கோதாரி விழுவான்தான்!"

"செருப்பைப் போடும் பிள்ளை, கிரவல் குத்தும்," என்றார் அக்கா. "அவையோடை உங்களுக்கு ஏதும் பழைய பகை இருக்கோ?"

"ஒண்டுமில்லை. ஆளையே தெரியாது."

பதில் கேள்வி முடியும் முன்பே வந்து விழுந்தது. அக்கா ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

*

மானிப்பாயில் எட்வேர்ட் மாஸ்டரின் வீட்டுக்கு நாங்கள் போனபோது பத்தரை. இருவரும் தேவாலயத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்கள். தாரிகாவை ஓட்டோவுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு நாங்கள் மட்டும் இறங்கினோம். அவள் முகத்தைப் பார்த்தால் வீட்டுக்காரர் கதவைத் திறக்கமாட்டார்.

"வாங்கோ, வாங்கோ ஞானாம்பிகை," என்றார் மாஸ்டர். மெலிந்த மனிதர், சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். "அந்தப் பொடியன்ரை விஷயமாத்தானே? இப்பதான் சேர்ச்சில அவனுக்காக ஜெபம் பண்ணிப்போட்டு வாறம். பெடிக்கு எப்பிடி இருக்காம்?"

"ஒரு கால் போயிட்டுது," என்றார் அக்கா.

மாஸ்டரின் முகம் வாடியது. எனக்கு எரிச்சல் வந்தது. என்ன நடிப்பு என்று நினைத்தேன்.

உள்ளே நவமணி ரீச்சர் தேநீர் வைக்கப் போனார். கூடத்துச் சுவரில் ஒரு பெண்பிள்ளையின் படம் இருந்தது. பத்தொன்பது வயது இருக்கும், பல்கலைக்கழகம் போகிற முகம். கீழே 'நிமலினி' என்றும் ஐந்து வருடத்துக்கு முந்திய ஒரு தேதியும் எழுதியிருந்தன. நான் படத்தைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே அது அங்கே இருப்பது தெரிந்தவர் போல் நேரே பின்பக்கம் நடந்தார்.

கார் கொட்டிலுக்குள் நின்றது. மாஸ்டர் தயங்காமல் கார்த் திறப்பை எடுத்துத் தந்தார். "நல்லாப் பாருங்கோ தம்பி. எண்ணெய் மாத்திறது, பிளக் துடைக்கிறது எல்லாம் நவமணிதான். எனக்கு ஓட மட்டும்தான் தெரியும். தடைக் காலத்திலயும் அவதான் மெக்கானிக், நான் றைவர்."

நான் முன் மூடியைத் தூக்கினேன். எஞ்சின் தங்கம். ஆனால் அதன் இடது பக்கம், புகைக்குழாய் தொடங்குகிற இடத்தில், இந்தக் காரோடு பிறக்காத ஒரு மெல்லிய செப்புக் குழாய் செருகியிருந்தது. அதிலிருந்து ஒரு ரியூப் காருக்குள் போனது. உள்ளே குனிந்து பார்த்தேன். இடது சீற்றுக்கு முன்னால், கதவோரம், டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு போத்தல் கொளுவ வளையம். ரியூப்பின் நுனியில் சேலைனை உருட்டித் திறந்து மூடுகிற சின்னச் சில்லு. போத்தல் மட்டும் இல்லை. ரியூப்பை மணந்தேன்.

"தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு," என்றேன்.

மாஸ்டர் குனிந்து பார்த்தார். "இது என்ன..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. கண், ரீச்சர் போன குசினிப் பக்கம் ஒரு தடவை போய்வந்தது. பிறகு நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான்தான்," என்றார். "நான்தான் இந்தக் குழாயைப் பூட்டினனான். நான்தான் திறந்தனான். பொலிசைக் கூப்பிடுங்கோ."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, பத்தே முக்கால்! நாலு மணிக்குச் சொன்ன வேலை. நான் போய் என்ரை பிட்டைச் சாப்பிடலாம்."

"பொறு. மாஸ்டர், ஒருக்கா சீற்றில இருங்கோ. பட்டியைப் போடுங்கோ. அந்த வளைவில என்ன கியர்?"

"ரெண்டாம் கியர்."

"இடது கை எங்கை இருக்கும்?"

"கியர்ப் பொல்லில."

"வலது கை?"

"ஸ்ரேறிங்கில."

"அப்ப அந்தச் சில்லைத் திறந்தது எந்தக் கை? சரி, கியரை விட்டுப்போட்டு எட்டிப் பாருங்கோ, கை போகுதோ எண்டு."

மாஸ்டர் இடது கையை நீட்டினார். பட்டி இழுத்துப் பிடித்தது. விரலுக்கும் சில்லுக்கும் இடையில் ஒரு முழம் மிச்சம் இருந்தது. அவர் இன்னும் எட்டினார். கழுத்து நரம்பு புடைத்தது. பார்க்கப் பாவமாக இருந்தது.

"விடுங்கோ மாஸ்டர்," என்றார் அக்கா. "உங்களுக்கு மூண்டாவது கை இல்லை. பக்கத்தில இருந்தவவுக்கு ரெண்டு கையும் சும்மா இருந்தது. ஜஸ்ரின், கிணற்றடியைப் பார்."

பார்த்தேன். கப்பிக் கட்டையில் ஒரு சேலைன் போத்தல், சவர்க்காரம் போட்டுக் கழுவி, தலைகீழாகக் கட்டிக் காயவிட்டிருந்தது.

"வேறை ஆரும் எண்டால் நேற்றே அதைக் கடலேரியில எறிஞ்சிருப்பினம்," என்றார் அக்கா. "தடைக்குள்ள குடும்பம் நடத்தின பொம்பிளையால சேலைன் போத்தலை எறிய ஏலாது. ஒரு போத்தலுக்கு எத்தினை பேரிட்டைக் கெஞ்சினனாங்கள்! குற்றம் செய்த கைதான், ஆனா கழுவிக் காயவைக்காமல் அதுக்கு நித்திரை வராது. என்ரை வீட்டிலயும் நாலு கிடக்கு."

பின்னால் தேநீர்த் தட்டு சத்தமில்லாமல் மர வாங்கில் இறங்கியது. நவமணி ரீச்சர் நின்றிருந்தார்.

"அவரை விடுங்கோ ஞானாம்பிகை. முப்பத்தஞ்சு வருசத்தில அவர் சொன்ன முதல் பொய் இது. ஒழுங்காச் சொல்லவும் தெரியேல்லை. நான்தான் பூட்டினனான், நான்தான் திறந்தனான்."

"நவமணி..." மாஸ்டர் பட்டியைக் கழற்றத் தடுமாறினார். "பிள்ளை போன பிறகு, மனசு ஆறும், ஓடுங்கோ எண்டு நீர்தானே என்னை இந்த ஓட்டத்துக்கு..."

"ஓம். நான்தான் அனுப்பினனான். அவன் இதில ஓடுறான் எண்டு தெரிஞ்சுதான் அனுப்பினனான். முதல் வருசம் அவன் எங்களுக்கு முன்னால போயிட்டான். போன வருசம் வரேல்லை. இந்த வருசம்தான் பின்னால வந்தான்." ரீச்சர் தேநீரை ஆற்றி அக்காவிடம் நீட்டினார். "மூண்டு வருசம் போத்தலைக் காலுக்கை வைச்சுக்கொண்டு சனத்துக்குக் கை காட்டினனான்."

அந்தக் கைக்குத்தான் நான் விசிலடித்தேன்.

*

அப்போதுதான் தாரிகா ஓடி வந்தாள். ஓட்டோவில் இருக்கச் சொன்னால் யார் கேட்கிறார்கள்! மதிலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் செருப்பு.

"நீங்களோ? நீங்களோ செய்தனீங்கள்? சேர்ச்சுக்குப் போறீங்கள், ஜெபம் பண்ணுறீங்கள்! என்ரை அண்ணைக்குக் காலில்லை!"

"நீ ஆர் பிள்ளை?"

"ஜெயதீபன்ரை தங்கச்சி."

நவமணி ரீச்சர் அவளுக்கு நேராக வந்து நின்றார். "அடி," என்றார். "அடிச்சுப்போட்டுக் கேள். உன்ரை கொண்ணைக்குப் போனது கால். என்ரை பிள்ளை நிமலினி நெல்லியடி றோட்டில சைக்கிளோடை முக்கால் மணித்தியாலம் கிடந்தவள். அவன்ரை கார்தான் அடிச்சது. பொலிஸ் விபத்து எண்டு எழுதினது. கோர்ட்டும் விபத்து எண்டு எழுதினது. ஒரு வருசம் லைசென்ஸைப் பறிச்சுப்போட்டுத் திருப்பிக் குடுத்தது. அவன் கார் ஓட்டப் போட்டியில சிரிச்சுக்கொண்டு படத்துக்கு நிக்கிறான். உயிர் போகவேணும் எண்டுதான் திறந்தனான். கால்தான் போச்சு. இதையும் விபத்து எண்டே எழுதட்டும்!"

அடித்திருக்க வேண்டும். காலையிலிருந்து அதற்குத்தானே துடித்தாள். ஆனால் தாரிகாவின் கை மேலே போன இடத்திலேயே நின்றது. கோபம் வடிந்து, முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. இது பழி கேட்க வந்தவளின் முகம் இல்லை என்று எனக்கே தெரிந்தது.

"தாரிகா," அக்கா மெதுவாகக் கூப்பிட்டார். "ஐஞ்சு வருசத்துக்கு முதல் அந்தக் காரைப் பாத்து அறிக்கை எழுதினது நான்."

ரீச்சர் திரும்பினார். நானும் திரும்பினேன்.

"உம்மடை அண்ணை ஆறடி. அவரின்ரை முழங்கால் ஸ்ரேறிங்கில இடிக்கும். ஆனா அந்தக் காரின்ரை றைவர் சீற், முன்னுக்கு இழுக்கக்கூடிய கடைசிக் கட்டைக்கு இழுத்துக் கிடந்தது. முதுகுக்கு ஒரு தலகணியும் வைச்சிருந்தது. கட்டை ஆள் ஒண்டு ஓடியிருக்கு எண்டு எழுதினனான். ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டிட்டார், இது தேவையில்லாத வசனம், வெட்டு எண்டு மேலிடம் சொன்னது. வெட்டினனான். அடுத்த மாசம் வேலையை விட்டனான். இண்டைக்குக் காலமை நீர் என்ரை விறாந்தையில வந்து நிண்டீர். ஐஞ்சடி."

"அக்கா!" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப தெரிஞ்சுதான் இவளை இங்கை கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ? இது துப்பறியிறதோ, பழிவாங்கிறதோ?"

"எனக்கே தெரியேல்லை," என்றார் அக்கா. "அந்த வசனத்தை நான் வெட்டாமல் விட்டிருந்தால் இந்தப் பெடிக்கு ரெண்டு காலும் இருந்திருக்கும். அது மட்டும் தெரியும்."

தாரிகா நிலத்தில் குந்திவிட்டாள். செருப்பு எங்கேயோ விழுந்தது.

"அப்ப லைசென்ஸ் எடுத்து ரெண்டு மாசம், நான்தான் ஓடினனான்," என்றாள் நிலத்தைப் பார்த்தபடி. "அண்ணைக்கு ஃபோன் எடுத்தனான். ஓடி வந்தவர். நீ வயல் ஒழுங்கையால வீட்டை போ, நான் இருக்கிறன் எண்டவர். அந்தப் பிள்ளை அப்ப முனகிக்கொண்டு கிடந்தவள். நான் போனனான். போயிட்டன் ரீச்சர்."

மாஸ்டர் காரின் கதவைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதார். அந்த மனிதர் அப்படி அழுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நவமணி ரீச்சர் அழவில்லை. வாங்கில் உட்கார்ந்தார், தேநீர்த் தட்டுக்குப் பக்கத்தில். கிணற்றடியில் தொங்கிய போத்தலை நெடுநேரம் பார்த்தார். ஒரு செத்த பிள்ளை, ஒரு கால் இல்லாத அப்பாவி, இடையில் அவருடைய இரண்டு கைகள். அந்தக் கணக்கை அவருக்காக யார் தீர்ப்பது?

தாரிகாவின் ஃபோன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. நான் எடுத்தேன். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து ஒரு தாதி: ஜெயதீபனுக்கு நினைவு வருகிறதாம், ஆட்களைத் தேடுகிறானாம்.

சொன்னேன். ரீச்சர் எழுந்தார்.

"எழும்பு பிள்ளை," என்றார் தாரிகாவிடம். "உன்னை நான் அடிக்கமாட்டன். சாபம் போடவும் மாட்டன். கால் எங்கை எண்டு உன்ரை கொண்ணை கேப்பான். ஏன் போனது எண்டு நீதான் சொல்லவேணும், உன்ரை வாயால, முழுக்க. நான் பக்கத்தில நிண்டு கேப்பன். ஆள் மாறிச் செய்துபோட்டன் எண்டு நானும் அவனுக்குச் சொல்லவேணும். அதுக்குப் பிறகு பொலிஸ் வரட்டும்."

"அதைவிட என்னைக் கொல்லுங்கோ ரீச்சர்."

"இல்லை," என்றார் ரீச்சர். "அது உனக்குச் சுகம்."

*

எல்லாரும் என் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். பின் சீற்றில் மூன்று பெண்கள், என் பக்கத்தில் மாஸ்டர் ஒரு பாதி வெளியே தொங்கிக்கொண்டு. வாயை மூடிக்கொண்டு நான் ஓட்டிய முதல் பயணம் அதுதான். மாஸ்டர் மட்டும் கமிற்றிக்கு ஃபோன் எடுத்து, "இண்டைக்கு நான் ஓடேல்லை, இனியும் ஓடமாட்டன்," என்று சொல்லி வைத்தார்.

வாட்டில் கடைசிக் கட்டில். போர்வை ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் முழங்காலுக்குக் கீழே தட்டையாகவும் கிடந்தது. ஜெயதீபன் கண்ணைத் திறந்து வைத்திருந்தான். முதலில் தங்கையைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் நவமணி ரீச்சர் நிற்பதைக் கண்டான். மயக்க மருந்து இன்னும் முழுதாகத் தெளியாத ஆள், எப்படித்தான் அவ்வளவு வேகமாகத் தலையைத் தூக்கினானோ.

"ரீச்சர்," என்றான். நாக்குக் குழறியது. "அண்டைக்கு நான்தான் ஓடினனான். அவள் அந்தக் காரில இருக்கேல்லை."

அவனிடம் யாரும் இன்னும் ஒன்றும் கேட்கவே இல்லை.

நவமணி ரீச்சர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். தாரிகா அண்ணனின் நெற்றியில் கை வைத்தாள்.

"போதும் அண்ணை," என்றாள். "நான் சொல்லிப்போட்டன். உன்ரை காலும் என்னாலதான் போனது. கேள், முழுக்கச் சொல்லுறன்."

அவள் சொல்லத் தொடங்கினாள். அக்கா வாட்டுக்கு வெளியே வந்து, பொலிஸ் நிலையத்துக்கு ஃபோன் எடுத்தார்.

"ஞானாம்பிகை கதைக்கிறன். வாக்குமூலம் எழுத ஆள் அனுப்புங்கோ." மறுபக்கம் ஏதோ கேட்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்டில்லை. ரெண்டு பேர் குற்றத்தை ஒப்புக்கொள்ளுகினம், கட்டில்ல கிடக்கிறவர் ஐஞ்சு வருசத்துக்கு முதல் சொன்ன பொய்யைத் திருத்தவேணும். நாலாவது என்ரை. கடதாசி கூடக் கொண்டு வாங்கோ."